துணி கட்டாத கடவு

அந்தச் சிகரெட்ட அணைச்சிருங்க தம்பி. கோவிச்சுக்கிடாதீங்க. பின்னால நீலக் கேன் இருக்கு பாத்தீங்களா, பூரா மண்ணெண்ணெய். என் வள்ளத்துல ஏறுனா யாரா இருந்தாலும் இதுதான் சட்டம். நானே பீடிய விட்டாச்சு, இந்தத் தொழிலுக்கு வந்த அன்னைக்கே விட்டாச்சு. ஏ ஏ, தண்ணியில போடாதீங்க. அந்த டப்பால போடுங்க.

அங்க உக்காராதீங்க, அங்க முட்டை. இப்படி எடது பக்கம் வாங்க. இந்த வெங்காய மூட்டை மேல உக்காருங்க. காலையிலருந்து எடது பக்கத்துச் சாமானாவே வித்துட்டு, வள்ளம் வலது பக்கமாச் சாஞ்சே வருது. ஆங், இப்பப் பாருங்க, நிமுந்துட்டு. என்னால உங்களுக்கு ஒரு உபகாரம், உங்களால எனக்கு ஒரு உபகாரம்.

நான் பேசுதது கேக்குதா? மோட்டார் சத்தம் அப்படித்தான், போகப் போகப் பழகிரும். உங்களுக்கு நான் ஏன் நிப்பாட்டுனேன் தெரியுமா? கையக் காட்டுனீங்க, அதுக்கு நிப்பாட்டல. கத்துனீங்க, அது எனக்குக் கேக்கவே இல்ல. கைக்குட்டைய எடுத்து ஆட்டுனீங்க பாருங்க, அதுக்குத்தான் நிப்பாட்டுனேன். துணியக் கண்டாத்தான் என் வள்ளம் நிக்கும். தெரியாமலே ஆட்டிட்டீங்க, உங்க நல்ல நேரம். இல்லாட்டி விடிய விடிய அங்க கொசுக்கடியில கெடந்திருப்பீங்க. அடுத்த போட்டு சர்வீஸ் காலையிலதான்.

டவர் வேலைக்கு வந்தவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது. ஆலப்புழையிலருந்து காவாலம் போற வழியில இந்த வாய்க்கால் நெடுக வீட்டுக்கு ஒரு படித்துறை. கடவும்பாவ இங்க. ஒவ்வொரு கடவுலயும் ஒரு மூங்கிக் கழி நட்டிருக்கும். சாமான் வேணும்னா அதுல ஒரு துணியக் கட்டணும். கிழிஞ்ச சட்டையோ, துண்டோ, பழைய பாவாடையோ, எதுன்னாலும் சரி. துணி இருந்தா நிப்பேன். இல்லாட்டிப் போயிக்கிட்டே இருப்பேன். நான் வச்ச சட்டம்தான். முந்தியெல்லாம் கரையில நின்னு கத்துவாவ, எனக்குக் கேக்காது, பெறவு அண்ணாச்சிக்குத் தலைக்கனம்னு பேச்சு வரும். நாமளா நிப்பாட்டிக் கேட்டா, ஒண்ணும் வேண்டாம், சும்மாதான் பாத்தோம்பாவ. மோட்டார நிப்பாட்டுனா மறுபடி கயிறு இழுத்துத்தான் கெளப்பணும். தோள்பட்டை யாருக்குப் போவுது? எனக்குத்தான. துணி இல்லையா, வள்ளம் இல்ல. இன்னைக்கு வரைக்கும் யாருக்காவும் மாத்துனதில்ல.

எனக்குச் சுரண்டை. தென்காசிப் பக்கம். பேரு குத்தாலிங்கம். அது இங்க எவன் வாயிலயும் நொழையாது. அண்ணாச்சிதான் எனக்குப் பேரு, அண்ணாச்சி வள்ளம்தான் கடைக்குப் பேரு. நீங்க எந்த ஊரு? விருத்தாசலமா? சரி சரி, நம்ம தமிழ்தான. அது போதும்.

வள்ளத்துல கடை வைக்கது கரையில வைக்க மாதிரி இல்ல தம்பி. கரையில ஒரு மூட்டைய எங்க போட்டாலும் கெடக்கும். இங்க எல்லாத்துக்கும் ஒரு எடம் உண்டு. அரிசி நடுவுல, பலகை மேல. உப்பு டிரம்முக்குள்ள. மண்ணெண்ணெய் பின்னால கடைசியில, அது பக்கத்துல சீனியக் கொண்டு வச்சா மறுநாள் காப்பியில மண்ணெண்ணெய் மணக்கும். முட்டை முன்னால, ஏன்னா மோட்டார் அதிர்ச்சி பின்னாலதான். குடிதண்ணி கேன் ரெண்டு பக்கமும் சமமா. ஆமா, குடிதண்ணியும் விக்கேன், சிரிக்காதீங்க. சுத்தித் தண்ணிதான், குடிக்க ஒரு சொட்டு ஆகாது. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு எங்கப்பா சொல்லுவாரு. நான் ஆத்து மேலயே கடை போட்டவன், எப்படி அளப்பேன்னு பாத்துக்கிடுங்க.

தீப்பெட்டி அந்தா அந்தப் பிஸ்கட் டின்னுல இருக்கு. மூடியச் சுத்திச் சைக்கிள் டியூப வெட்டி மாட்டியிருக்கேன், பாத்தீங்களா? ஆடி மழை கொட்டு கொட்டுன்னு கொட்டட்டும், என் வள்ளத்துத் தீப்பெட்டி ஒரே ஒரசல்ல பத்தும். இத்தனை வருஷத்துல ஒரு பெட்டி நமுத்துப் போச்சுன்னு எவனும் சொன்னதில்ல. எது கேட்டாலும் இருக்கும். அண்ணாச்சி கிட்ட இல்லைங்கிற சொல்லே கெடையாது.

எல்லாம் ஒழுங்காத்தான் நடக்கு. ஒரு வாடிக்கை மட்டும் போயிட்டு. ஒண்ணே ஒண்ணு. அத நெனச்சாத்தான் வயித்தெரிச்சலா வருது.

தாணம்மான்னு பேரு. நம்ம சுசீந்திரத்துக்காரவ. வீட்டுக்காரரு இந்த ஊரு. நாகர்கோயில்ல கரண்டு ஆபீசுல வேலை பாக்கும்போது கட்டிக் கூட்டியாந்துட்டாரு. அவரு போய்ச் சேந்துட்டாரு, மகன் மஸ்கட்டுல. பெரிய வீடு. முன்னால தண்ணி, பின்னால வயலு. அதுவும் வயலா, தண்ணியவிடக் கீழ கெடக்குத வயலு, மழைக்கு அதுவும் தண்ணியாத்தான் நிக்கும். அக்கம் பக்கம் வீடே கெடையாது. கூப்பிட்டாக் கேக்குத தூரத்துல ஒரு ஆளு இல்ல.

நான் போற ட்ரிப்புக்கெல்லாம் அந்தக் கடவுல துணி கட்டியிருக்கும். மஞ்சத் துணி, ஏதோ பழைய சீலையில கிழிச்சது. ஒரு ட்ரிப்பு தப்பாது. சந்தோசமா நிப்பாட்டுவேன், நல்ல வாடிக்கைன்னு. மோட்டார அணைச்சு, கயித்தக் கட்டி, என்ன வேணும்க்கான்னு கேட்டா என்ன சொல்லுவாவ தெரியுமா?

ஒரு தீப்பெட்டி.

ஆமா தம்பி! ஒரு தீப்பெட்டி. ஒரு தீப்பெட்டிக்கு ஒரு துணி, ஒரு நிறுத்தம், ஒரு கயிறு இழுப்பு. விளங்குமா யாவாரம்? எப்பமாவது அரிசி, பருப்பு. எப்பமாவது கருப்பட்டி. மத்த நாளெல்லாம் ஒரு தீப்பெட்டி. அதையும் சும்மா வாங்க மாட்டாவ. 'பேப்பர்ல மடிச்சுத் தாங்க அண்ணாச்சி'ம்பாவ. தீப்பெட்டிய எவனாவது பொட்டலம் கட்டுவானா? நான் ஊர்லருந்து பழைய பேப்பர் கட்டுக் கட்டா எடுத்தாந்து வச்சிருப்பேன், தமிழ்ப் பேப்பர். அதுல ஒரு தாளக் கிழிச்சா, 'முழுத் தாளாத் தாங்க'ம்பாவ. சரின்னு முழுத் தாள்ல மடிச்சுக் குடுப்பேன். ஏதோ ஒரு கோளாறுன்னு விட்டுருவேன்.

அதோட முடியுமா? 'சுசீந்திரத்துல தேரு ஓடிட்டா அண்ணாச்சி?' நான் சுரண்டைக்காரன், சுசீந்திரத்துத் தேரு எனக்கென்ன தெரியும்? ஆனாத் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? அண்ணாச்சி கிட்டத்தான் இல்லைங்கிற சொல்லே கெடையாதுல்லா. நாகர்கோயில் பஸ்ஸுல வர்ற கண்டக்டர் ஒருத்தன் கிட்டக் கேட்டு வச்சிக்கிட்டுப் போயிச் சொல்லுவேன். தேரு ஓடிட்டு, வடசேரிச் சந்தையில கத்திரிக்கா மலிவு, அணையில தண்ணி நல்லாக் கெடக்கு, இப்படி. அவிய கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டாருவாவ. படியில நின்னுக்கிட்டே குடிச்சு முடிக்கதுக்குள்ள அடுத்த கடவுக்கு நேரமாயிரும். 'நேரம் போவுதுக்கா'ம்பேன். 'ஆமா, போங்க போங்க'ம்பாவ. சொல்லிட்டு அடுத்த கேள்விய எடுப்பாவ.

புடிச்சுக்கிடுங்க! புடிச்சுக்கிடுங்க தம்பி! டூரிஸ்ட் போட்டு. சவத்துப்பய, எப்படி அலையக் கெளப்பிட்டுப் போறான் பாருங்க. மேல உக்காந்து பாட்டுப் போட்டு ஆடுதானுவ, கீழ ஒருத்தன் முட்டை வச்சிருக்கானேன்னு உண்டா? நீங்க அந்தத் தட்ட ஒரு கையால அமுக்கிக்கிடுங்க. ஆங். போயிட்டான். ஒண்ணு ரெண்டு விரிஞ்சிருக்கும், நாளைக்கு எனக்குக் கொழம்பு.

எங்க விட்டேன்? ஆமா. இந்த ஆனிக் கடைசி. மழைக்கு முன்னால இங்க எல்லா வீட்டுக்கும் மழைக்கட்டு போடுவோம். ஆடியில தண்ணி ஏறிட்டுன்னா வள்ளம் ஓட்ட முடியாது, ஆகாயத்தாமரை வேற வந்து மோட்டார்ல சுத்திக்கிடும். அதனால ஒவ்வொரு வீடும் அரிசி பருப்பு எண்ணெய்னு மொத்தமா வாங்கி வச்சிரும். அதுதான் மழைக்கட்டு. தாணம்மாக்கா மட்டும் கேக்கவே இல்ல. நானும் ரெண்டு தடவை கேட்டுப் பாத்தேன், 'பாக்கலாம் அண்ணாச்சி, அப்பப்ப வாங்கிக்கிடுதேன்'ன்னுட்டாவ.

எனக்கு மனசு கேக்கல தம்பி. அந்தப் படி பூராப் பாசி. போன மழையில வழுக்கிக் கைய ஊனி விழுந்தாவ, நான்தான் தூக்கி விட்டேன். கைய எப்படி மறைச்சுக்கிட்டுச் சிரிச்சாவ தெரியுமா, சின்னப் புள்ள மாதிரி. ஒரு தீப்பெட்டிக்காவக் கொடையப் புடிச்சுக்கிட்டு இந்தம்மா வந்து நிக்கணுமா, எங்கயாவது விழுந்து கெடந்தா பாக்க நாதி உண்டான்னு நெனச்சேன். அதனால நானா ஒரு மழைக்கட்டு போட்டேன். அவிய வீட்டுக்கு என்னென்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? அரிசி, பருப்பு, உளுந்து, எண்ணெய், சீனி, கருப்பட்டி. தீப்பெட்டி மட்டும் ஒரு பெரிய கட்டு. அப்படியே ரெண்டு வருஷத்துக்கு வரும். பேப்பர்னா ஊறிப்போவும்னு எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயக் கட்டி, நானே தலையில தூக்கிட்டுப் போயி அடுப்பங்கரையில எறக்குனேன். அன்னைக்குத்தான் அந்த வீட்டுக்குள்ளயே போனேன்.

வீடு அம்புட்டுச் சுத்தம். எவ்வளவு பெரிய அடுப்பங்கரை, அதுல ஒரு தட்டு, ஒரு தம்ளரு, கவுத்தி வச்சிருக்கு. பெஞ்சு மேல என் பேப்பரு, நான் பொட்டலம் கட்டிக் குடுத்த தாளு, அத்தனையும் கையால நீவி நீவி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருக்கு. எடைக்குப் போடச் சேக்காவ போலன்னு நெனச்சேன். அதுக்குப் பக்கத்துல சன்னல்ல பாத்தா, வரிசையாத் தீப்பெட்டி. ஒண்ணக் கூடப் பிரிக்கல. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இம்புட்ட வச்சிக்கிட்டா வாங்குதாவன்னு. மறதி, வயசாவுதுல்லா. அதுக்கு என்ன செய்ய முடியும்?

அப்பதான் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன் தம்பி. 'யக்கா, இனி மழை முடியுத வரைக்கும் உங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. துணியே கட்ட வேண்டாம். என்னைய எதிர்பாக்கவே வேண்டாம்'ன்னேன்.

'வேண்டாமா?'ன்னாவ.

'வேண்டவே வேண்டாம்'ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். யாரு செய்வா இப்படி?

அவிய என்கூடவே கடவுக்கு எறங்கி வந்தாவ. கழியிலருந்து அந்த மஞ்சத் துணிய அவுத்தாவ. நாலா மடிச்சாவ. 'சரி அண்ணாச்சி'ன்னாவ. அன்னைக்குக் காப்பி கூட இல்ல.

ஆடி போச்சு. தண்ணி வடிஞ்சுட்டு. ஆவணியும் பொறந்துட்டு. எல்லாக் கடவுலயும் மறுபடி துணி ஏறிட்டு. அந்த ஒரு கழி மொட்டையா நிக்கு. சாமான் தீரலன்னு வச்சுக்கிடுங்க, கட்டுனது நாந்தான, எனக்குத் தெரியாதா எது எப்பத் தீரும்னு? சீனி தீந்திருக்கணும். எண்ணெய் நிச்சயமாத் தீந்திருக்கணும். அப்பம் என்ன அர்த்தம்? வேற எவன் கிட்டயோ வாங்குதாவன்னு அர்த்தம். நான் செஞ்ச நன்றிய மறந்துட்டாவன்னு அர்த்தம். வேற என்ன?

வீட்டுக்குள்ள இருந்தாக்கூடச் சரி, பாக்கலன்னு விடலாம். கடவுலதான் உக்காந்திருப்பாவ! நான் போற நேரத்துக்குச் சரியா அந்த மேப்படியில உக்காந்திருப்பாவ. துணி மட்டும் கட்ட மாட்டாவ. என்னையப் பாக்கவும் மாட்டாவ, தண்ணியத்தான் பாப்பாவ. நானும் சும்மா இருக்கல. ஹாரன அடிச்சுப் பாத்தேன். வாழக்கா வெங்காயம்னு கூவிக்கூடப் பாத்தேன், நான் கூவுத ஆளே இல்ல. மோட்டாரக் கொறைச்சு ஊந்துக்கிட்டேகூடப் போயிப் பாத்தேன். ம்ஹூம். அம்புட்டு வீம்பு. சட்டம் போட்ட நாமளே சட்டத்த மீறுனா மத்த வீட்டுக்காரன் என்ன கேப்பான்? நிப்பாட்டாமப் போயிருவேன்.

பசிக்குதா தம்பி? இந்தாங்க, பழம் எடுத்துக்கிடுங்க. மட்டிப் பழம், இங்க கெடைக்காது. நாகர்கோயில் பஸ்ஸுல சொல்லி வச்சு எடுத்தாரேன். ஏ, அந்தச் சீப்புல எடுக்காதீங்க! அது அவியளுக்கு. இதுல எடுங்க. என்னத்தச் சொல்ல, இந்த ஊருக்காரனுவளுக்கு ஏத்தம்பழம் இருந்தாப் போதும், மட்டிய எவன் தொடுதான்? ட்ரிப்புக்கு ஒரு சீப்பு எடுத்தாரேன், கறுத்துப் போவுது, நானே திங்கேன். யாவாரத்துக்கு ஆகாதுன்னு தெரியுது. இருந்தாலும் திடீர்னு துணி கட்டி, மட்டி இருக்கா அண்ணாச்சின்னு கேட்டாவன்னா? இல்லன்னா சொல்ல முடியும்?

எனக்கென்ன கொறை. ராசா மாதிரி இருக்கேன். சமையல் வள்ளத்துலயே, படுக்கை அந்த அரிசி மூட்டை மேல. பொண்டாட்டி போயிச் சேந்துட்டா. மக சுரண்டையிலதான், ரெண்டு புள்ளைய. வந்து எங்ககூட இருங்கப்பாம்பா. போனா மூணாம் நாளு 'எப்பப்பா கெளம்புதீங்க'ம்பா. ஞாயித்துக்கெழமை போன் போடுவா. சாப்பிட்டீங்களாப்பா, சாப்பிட்டேன், சரி வைக்கேன். முடிஞ்சுட்டு. பகல் பூராப் பேசத்தான் செய்யேன், அரிசி எத்தனை கிலோ, வெங்காயம் நல்லதா, எல்லாம் அவிய பாஷையில. தமிழு அந்தக் கடவுல மட்டும்தான். இப்பம் அதுவும் இல்ல. இன்னைக்கு உங்ககிட்டத்தான் இம்புட்டு பேசுதேன். பேச்சு நிக்க மாட்டேங்குது பாருங்க, அடைச்சுக்கெடந்த மடையத் தொறந்து விட்ட மாதிரி.

சில நேரம் வள்ளத்துல தனியாப் படுத்துக்கெடக்கும்போது வெசனமா வரும் தம்பி. ஒரு தீப்பெட்டி யாவாரம் போனதுக்கா இம்புட்டு வெசனம்னு எனக்கே தோணும். யாவாரிக்கு வாடிக்கைதான உசுரு. அதுதான்.

அன்னா செவப்புத் துணி தெரியுது பாருங்க. ஏலியம்மச் சேச்சி கடவு. ஒரு நிமிசம் நிப்பாட்டுதேன். நீங்க அசையாம இருங்க, கயித்த நான் பாத்துக்கிடுதேன்.

என்ன சேச்சி, சுகம்தானா? சீனியா? இந்தா எடுக்கேன். வத்தல் வேண்டாமா? சரி. இவரா? நம்ம ஊருக்காரரு, டவரு வேலைக்கு வந்திருக்காரு. ஆமா, பாவம், போட்டத் தவற விட்டுட்டாரு. என்னது? யாரு? தாணம்மாவா? எப்பம்? நெசந்தானா சேச்சி? யாரு சொன்னா? ஓ. அவனே போன்ல சொன்னானா. சரி. சரி சரி. நல்லதுதான. நல்லதுதான். இந்தாங்க, வச்சிக்கிடுங்க. வாரேன்.

நீங்க கேட்டீங்களா தம்பி, சேச்சி சொன்னத? உங்களுக்கு மலையாளம் புரியாதுல்லா. தாணம்மாக்காவ மகன் கூட்டிட்டுப் போறானாம். மஸ்கட்டுக்கு. ஓணம் கழிஞ்ச ஒடனே வாரானாம். வீட்டப் பூட்டப் போறாவளாம்.

யாரு கூப்பிடுதா? நம்மளத்தானா? என்ன சேச்சி? என்ன கையில காட்டுதீங்க? உப்பா? சீனியா கேட்டீங்க, உப்பக் குடுத்துட்டேனா? அட எளவே. இருங்க இருங்க, திருப்புதேன். தம்பி, நீங்களே அந்தச் சீனிப் பொட்டலத்த எட்டிக் குடுத்திருங்க. வெள்ளைக் கவரு. ஆங், அதுதான். இத்தனை வருஷத்துல ஒரு சாமான மாத்திக் குடுத்ததில்ல நான். இன்னைக்கு என்ன கேடு வந்துச்சோ.

போகட்டும். எனக்கென்ன? மகன் கூப்பிட்டாப் போகத்தான செய்வாவ. இங்க ஒத்தையில கெடந்து என்ன செய்ய? அங்க பேரப்புள்ள இருக்கு, காத்தாடி ஏசி எல்லாம் இருக்கு. நல்லாருக்கட்டும். ஒரு வாடிக்கை போனா ஒரு வாடிக்கை வரும். ஓணத்துக்கு இன்னும் எத்தனை ட்ரிப்பு இருக்கும்? வேண்டாம், எண்ண வேண்டாம்.

அங்க போயித் தமிழுக்கு என்ன செய்வாவ?

என்ன கேட்டீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அவிய வீட்டுல என்ன அடுப்புன்னா? கேஸ் அடுப்புதான். சிலிண்டர் நாந்தான திண்ணையில எறக்கிக் குடுப்பேன். எதால பத்த வைப்பாவளா? லைட்டர்தான். லைட்டரும் நான் வித்ததுதான், நல்ல லைட்டரு, இன்னும் நல்லாத்தான் இருக்கு, அன்னைக்கு அடுப்புப் பக்கத்துலயே பாத்தேன். ஏன் கேக்கீங்க?

சாமி வெளக்குக்கு இருக்கும். வெளக்குக்குத் தீப்பெட்டி வேணும்லா.

ஆமா, வெளக்குக்கு ஒரு பெட்டி மாசக்கணக்குக்கு வரும். வரும்தான்.

நீங்க ஏன் தம்பி என்னைய அப்படிப் பாக்கீங்க? பழத்தத் தின்னுங்க. தோல டப்பால போடுங்க.

இந்த வளைவு திரும்புனா அவிய கடவு. முன்னால கெடக்க அந்த ஆகாயத்தாமரைய அந்தக் கம்பால தள்ளி விடுங்க, மோட்டார்ல சுத்திரும். மெதுவா. ம். அந்தா தெரியுது பாருங்க. பச்சை ஓடு போட்ட வீடு. ஓடா பச்சை, பாசி. படியில பாருங்க. உக்காந்திருக்காவளா? நான் சொன்னேன்லா. அந்தா, மேப்படியில. மீனுக்குச் சோறு போடுதாவ. கண்ணாடி போட்டும் தெரியல எனக்கு, கழியப் பாத்துச் சொல்லுங்க, துணி இருக்கா?

இல்லையா. நல்லாப் பாத்தீங்களா? இல்ல. சரி. நான்தான் சொன்னேனே.

துணி இல்லையா, வள்ளம் இல்ல. சட்டம்னா சட்டம்தான். போயிருவோம்.

தலையத் தூக்குதாவளா? நம்மளப் பாக்காவளா? மெலிஞ்சு போயிட்டாவ தம்பி. அந்த நீலச் சீலை அவியளுக்குத் தொளதொளன்னு இருக்காது முந்தி.

கயித்தப் புடிங்க. இந்தா, இந்த நுனிய. ஆமா நிப்பாட்டிட்டேன், என் வள்ளம்லா, நான் நிப்பாட்டுவேன். நீங்க அந்தக் கல்லுல ஒரு சுத்துச் சுத்திப் புடிச்சுக்கிடுங்க. எனக்கு என் துண்ட எடுங்க, அந்தா, பெட்டி மேல கெடக்கு. செவப்புத் துண்டு. எதுக்கா? கழியில கட்டத்தான். வேணும்ங்கிறவன்தான துணி கட்டணும்? இன்னைக்கு வேணும்ங்கிறவன் நான். சட்டம் மாறல, அப்படியேதான் இருக்கு. கை எட்டுது, இருங்க. ஆங். கட்டியாச்சு.

யக்கா! தாணம்மாக்கா! நாந்தான்.

ஒண்ணுமில்லக்கா. ஒரு தீப்பெட்டி வேணும்.

ஆமாக்கா, தீப்பெட்டிதான். என்கிட்ட இருந்ததெல்லாம் நமுத்துப் போச்சு. ஒண்ணு கூடப் பத்த மாட்டேங்குது. மழை பாருங்க, என்னமா பேஞ்சுட்டு. தம்பி, அந்த டின்ன மூடுங்க, எதுக்குத் தொறக்கீங்க, மூடுங்க.

எந்திரிச்சு உள்ள போறாவ. பாத்துப் போங்கக்கா, பாசி! எடுத்தாரத்தான் போறாவ, வருவாவ. வருவாவல்லா தம்பி? அந்த மட்டிச் சீப்ப எடுத்துக் கையில வச்சிக்கிடுங்க, கறுத்தது ஒண்ணு ரெண்ட பிச்சு எறிஞ்சிருங்க.

அந்தா வாராவ. அந்தப் பெரிய கட்டோடயே வாராவ பாருங்க, கவரக் கூடப் பிரிக்கல.

என்னக்கா? ஒண்ணு போதுமான்னா கேக்கீங்க? ஒண்ணு போதும்க்கா. ஒண்ணே ஒண்ணு. கட்டு உங்ககிட்டயே இருக்கட்டும், நான் ட்ரிப்புக்கு ஒண்ணா வந்து வாங்கிக்கிடுதேன். பேப்பர்ல மடிச்சுத் தாங்க.